மாற்றம் யாருக்காக?

பள்ளியின் வரலாறு மாற்றங்களின் வரலாறு. திண்ணையில் மணலைக் கீறிய விரல் ஓலைக்கு மாறியது. ஓலையிலிருந்து தாளுக்கு மாறியது. அவற்றால் அறிவு வளர்ந்தது. ஆனால், 1953-ல் சென்னை மாநிலச் சிற்றூர்ப் பள்ளிகள்மீது திணிக்கப்பட்ட மாற்றம் எத்தகையது?

ஐந்து மணி நேரப் படிப்பை மூன்றாகச் சுருக்கினார் முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார். எஞ்சிய பொழுதில் பிள்ளை தந்தையின் தொழிலைப் பழக வேண்டுமாம்! காலையில் ஓர் அணி, பிற்பகலில் ஓர் அணி. இரண்டுக்கும் ஆசிரியர் ஒருவரே!

போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணியில் வைத்து இதை எண்ணிப் பாருங்கள். தந்தைக்கு ஏலத்தோட்டத்தில் களையெடுப்பு, காய்பறிப்பு. மைந்தனுக்கு? அதே சரிவு, அதே கூலி! உழைப்பை நாம் இகழவில்லை. பிறப்பு தொழிலை விதிப்பதை மறுக்கிறோம்.

நாடு அதைக் குலக்கல்வி என்று அழைத்தது. பெரியார் போர்க்கொடி உயர்த்தினார். 1953 சூலையில் தி.மு.கழகத்தின் மும்முனைப் போராட்டத்தில் அதுவும் ஒரு முனையாயிற்று. 1954-ல் ஆச்சாரியார் விலகினார்; காமராசர் பொறுப்பேற்றார்; திட்டம் மடிந்தது.

பின்வந்த மாற்றங்களைக் காணுங்கள்! 1955-ல் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்க்கு ஓய்வூதியம். 1956-ல் ஏழைப் பிள்ளைகட்குப் பகலுணவு. ஒன்று ஆசிரியரின் முதுமையை எண்ணியது. மற்றொன்று மாணவரின் பசியை எண்ணியது.

இன்றும் பாடத்திட்டம் மாறுகிறது, கருவி மாறுகிறது, ஆசிரியர் ஊர் மாறுகிறார். எந்த மாற்றம் வந்தாலும் தோழர்களே, இரண்டு கேட்போம்: பிள்ளையின் வழி அகலுமா? சுமை எவர் தலையில் ஏறும்? விடை கூறாத ஆணைக்குத் தலையசைப்பது ஆசிரியர்க்கு அழகன்று.