தடமும் பதிவும்: லாரி விபத்தின் இரு சாட்சிகள்

சென்னிமலைப் போர்வைக் கட்டுகளை ஏற்றிய லாரி பெருந்துறையில் சேலம்–கொச்சி நெடுஞ்சாலை ஏறுகிறது. அங்கே அது விபத்தில் சிக்கினால், கடைசி நொடிகளின் கதை இரண்டு இடங்களில் எழுதப்படும். டயர் தார்ச்சாலையில் எழுதும்; எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி தன் நினைவகத்தில் எழுதும். வழக்குக்காக விபத்தை மீட்டுருவாக்கும் நிபுணர் இரண்டையும் படிக்கிறார். புதியது வந்ததும் பழையது ஓய்ந்துவிடும் என்றே நினைக்கத் தோன்றும். அருகருகே வைத்துப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

முதலில் தடம். சமதளச் சாலையில் பிரேக் பிடித்து வண்டி முழுதாக நின்றிருந்தால், தடத்தின் நீளத்தையும் உராய்வுக் கெழுவையும் 254-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்பது கிடைக்கும். 40 மீட்டர் தடத்தை எடுத்துக்கொள்வோம். காய்ந்த சாலையில் லாரிக்கு 0.5 என்று கெழுவை வைத்தால் வேகம் ஏறக்குறைய 71. நனைந்த சாலைக்கு 0.35 என்று வைத்தால் 60. டேப் காட்டும் நீளம் ஒன்றே, வேகம் மட்டும் இரண்டு.

அடுத்து பதிவு. எண்ணாகவே கிடைப்பதால் இது ஐயத்துக்கு இடமற்றது என்று தோன்றும். ஆனால் கட்டுப்பாட்டுப் பெட்டி சாலையைப் பார்ப்பதில்லை. கியர்பெட்டியிலிருந்து வரும் தண்டின் சுழற்சியை எண்ணி, பின் அச்சின் பல்விகிதத்தையும் டயரின் சுற்றளவையும் கொண்டு வேகத்தைக் கணக்கிடுகிறது. 52 செ.மீ. ஆரமுள்ள டயர் 13 மி.மீ. தேய்ந்திருந்தால் சுற்றளவு 2.5 விழுக்காடு குறையும். அப்போது பதிவில் 80 என்று இருந்தாலும் லாரி ஓடியது 78-இல்தான்.

இங்கேதான் எதிர்பாராத உறவு புலப்படுகிறது. தடத்துக்குச் சாலையின் கெழு வேண்டும். பதிவுக்கு டயரின் சுற்றளவு வேண்டும். இரண்டுமே வெளியிலிருந்து ஓர் எண்ணைக் கடன் வாங்கித்தான் வாய் திறக்கின்றன. ஆகவே குறுக்கு விசாரணையில் நல்ல வழக்கறிஞர் இரண்டைப் பற்றியும் நிபுணரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: அந்த எண்ணை நீங்கள் அளந்தீர்களா, அனுமானித்தீர்களா?

வேற்றுமையிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்போது தண்டு சுழலாது. லாரி 60-இல் சறுக்கிக்கொண்டிருக்க, பதிவு சுழியத்தை நோக்கி விழும். சாலையில் கரிய தடம் அழுத்தமாக விழத் தொடங்குவது அதே கணத்தில்தான். ஏபிஎஸ் பிரேக் சக்கரத்தைப் பூட்டவிடாமல் உருட்டிக்கொண்டே போனால் தடம் மங்கிவிடும். அப்போது பதிவின் வேகம் உண்மைக்கு அருகில் நிற்கும். சென்னிமலைத் தறியின் பாவும் ஊடையும் போல, ஒன்று மறையும் இடத்தில் மற்றது மேலே வருகிறது.

தடம் ‘எங்கே’ என்பதற்கு விடை சொல்கிறது: ஓட்டுநர் சாலையின் எந்தப் பக்கத்தில் வந்தார், எங்கே மோதினார். பதிவு ‘எப்போது’ என்பதற்கு விடை சொல்கிறது: மோதலுக்கு எத்தனை நொடி முன்பு ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுத்தார், பிரேக்கை எப்போது மிதித்தார். இந்த நெடுஞ்சாலையிலுள்ள வைகுந்தம், விஜயமங்கலம் சுங்கச்சாவடிகளின் ஃபாஸ்டேக் நேரங்களும் பதிவின் பக்கமே சேரும். ஆனால் அவை தருவது இடைப்பட்ட தொலைவின் சராசரி வேகத்தை மட்டுமே.

இரண்டின் மௌனமும் சான்றாகும் வேளை உண்டு. 2020 பிப்ரவரி 20 அதிகாலை, அவிநாசி அருகே டைல்ஸ் ஏற்றிய கன்டெய்னர் லாரி நடுத்தடுப்பைத் தாண்டி, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் சென்ற கேரள அரசுப் பேருந்தின் மீது மோதியதில் 19 பேர் இறந்தனர். டயர் வெடித்ததே காரணம் என்று முதலில் சொல்லப்பட்டது. கேரள மோட்டார் வாகனத் துறையின் ஆய்வோ ஓட்டுநர் கண்ணயர்ந்ததைச் சுட்டியது. இத்தகைய வழக்கில் கேள்வி முன்பின் பற்றியது: டயர் வெடித்து லாரி தடுப்பில் ஏறியதா, தடுப்பில் ஏறியதால் டயர் வெடித்ததா? காற்றிழந்த டயரின் நெளிந்த தடம் தடுப்புக்கு முன்பே தொடங்க வேண்டும்; இல்லையென்றால் முதல் கதை நிற்காது. உறங்கியவர் பிரேக் மிதிப்பதில்லை. சாலையில் பிரேக் தடம் இராது, நினைவகத்தில் பிரேக் குறிப்பும் இராது.

சட்டமும் இரண்டையும் வேறுவேறு வாசலில் நிறுத்துகிறது. தடம், காவல்துறையின் பார்வை மகஜர், மாதிரி வரைபடம் வழியாக நீதிமன்றம் போகிறது. பதிவுக்கு பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். உள்ளே போனபின் இரண்டுக்கும் அந்தந்த மன்றத்தின் ஒரே தராசுதான். குற்றவியல் நீதிமன்றம் நியாயமான ஐயத்துக்கு அப்பாற்பட்ட மெய்ப்பிப்பைக் கேட்கும். இழப்பீட்டுத் தீர்ப்பாயம் நிகழ்தகவு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் பார்க்கும்.

கோவையிலிருந்து இயங்கும் ஜேபி ரிசர்ச் இந்தியா நிறுவனம், ‘ராஸி’ என்ற சாலை விபத்து ஆய்வுத் திட்டத்துக்காக விபத்து நடந்த இடத்துக்கே போய் அளந்து பதிகிறது. பாதுகாப்பு ஆய்வுக்காக நடக்கும் அந்த அக்கறை வழக்குக்கும் வேண்டும். ஏனெனில் இரு சாட்சிகளின் ஆயுளும் குறைவு. தடத்தை மழையும் போக்குவரத்தும் அழிக்கின்றன. பதிவை, சில எஞ்சின்களில், லாரியை மீண்டும் ஓட்டுவதே அழித்துவிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 136-ஆம் பிரிவோ, ஆய்வு முடிந்த வண்டியை 24 மணி நேரத்துக்குள் திருப்பித் தரச் சொல்கிறது. எனவே லாரியை ஓட்டி நிலையத்துக்குக் கொண்டுபோகும் முன் பதிவை எடுக்க வேண்டும். சாலையைக் கழுவும் முன் தடத்தை அளக்க வேண்டும். எதை நம்புவது என்ற வாதத்தை நீதிமன்றத்தில் நடத்திக்கொள்ளலாம். இரண்டையும் காப்பாற்றும் வேலையைச் சாலையிலேயே முடித்துவிட வேண்டும்.