இடையில் விலகியோரின் கணக்கு

இணுவிலிலே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென 1898ஆம் ஆண்டில் மக்லியொட் வைத்தியசாலை நிறுவப்பட்டது. அமெரிக்க மிஷனைச் சார்ந்த லீச் சகோதரிகள் திரட்டிய நிதி அதற்கு ஆதாரமாயிற்று. அத்தகையதொரு வைத்தியசாலையின் பதிவேட்டை நேயர்கள் மனத்திற் கொள்க. சுகம் பெற்றோர் வீடு செல்வர், சிலர் மீண்டும் வருவர், பலர் வாரார். வாராதவர் பின்னர் எத்தனை காலம் வாழ்ந்தார் என்பதை ஏடு சொல்லாது. அங்ஙனமாயின், ஒரு நோய்க்கு ஆளானோரின் சராசரி உயிர்வாழ்காலத்தைக் கணிப்பது எவ்வாறு?

இவ்வினா பழையது. வால்வெள்ளி ஒன்றுக்குத் தம் பெயரைத் தந்த எட்மண்ட் ஹாலி, 1693இல் பிறெஸ்லோ நகரின் பிறப்பு இறப்புக் கணக்கைக் கொண்டு ஆயுள் அட்டவணை வகுத்தார். இலண்டனை அவர் விலக்கியதற்குக் காரணமுண்டு. அங்கே வெளியூரார் வந்து குவிந்தவண்ணம் இருந்தனர். சிக்கலை அவர் அவிழ்த்தாரல்லர். சிக்கல் குறைந்த ஊரைத் தேர்ந்தார் என்பதே பொருந்தும்.

அவிழ்க்கும் வழியைத் தெளிவாக வகுத்தோர் அமெரிக்கரான எட்வேர்ட் கப்லனும் போல் மையரும் ஆவர். முன்னவர் கடலடித் தொலைபேசிக் கம்பிகளிற் பொருத்திய வெற்றிடக் குழாய்களின் ஆயுளை ஆராய்ந்தார். பின்னவர் நோயாளரின் ஆயுளை ஆராய்ந்தார். தனித்தனியே எழுதியதை ஒன்றாக்கி 1958இல் வெளியிட்டனர்.

பத்து நோயாளருள் முதலாண்டில் இருவர் இறந்தனர் எனக் கொள்வோம். ஆண்டிறுதியில் நால்வர் ஊர்விட்டு நீங்கினர். எஞ்சிய நால்வருள் ஒருவர் மறு ஆண்டில் இறந்தார். நீங்கியோர் யாவரும் உயிருடன் உள்ளார் எனின் நூற்றுக்கு 70 பேர் பிழைத்தனர் என வரும். யாவரும் இறந்தார் எனின் 30. அவர்களை அறவே தள்ளினால் 50. தள்ளுவது நேர்மைபோலத் தோன்றும். ஆயினும் அந்நால்வரும் முதலாண்டைக் கடந்தவர் என்ற உண்மை வீணாகின்றது. புதிய முறையிலோ, முதலாண்டைக் கடந்தோர் பத்தில் எட்டு. இரண்டாமாண்டைக் கடந்தோர் நான்கில் மூன்று. இரண்டையும் பெருக்க நூற்றுக்கு 60. காணப்பட்ட காலம்வரை ஒவ்வொருவரும் கணக்கில் நிற்கின்றார்.

கண்காணிப்பு முடியும்போது பலர் உயிருடன் இருப்பின் சராசரியைத் திட்டமாகக் கூறவியலாது. ஆதலால் பாதிப்பேர் எஞ்சும் காலத்தையே பெரும்பாலும் குறிப்பர்.

இம்முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. விலகியோரின் கதி, நின்றோரின் கதியை ஒத்திருத்தல் வேண்டும். நோய் முற்றியவரை, உயிர் வீட்டிலே பிரியட்டும் என்று உறவினர் அழைத்துச் சென்றால் நிபந்தனை தகர்ந்துவிடும். பெருக்கல் எத்துணைச் சரியாயினும் 60 என்பது மிகையே. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையத்தார் இவ்விடரை நன்கு உணர்ந்தோர். வீட்டிலிருந்து மருந்துண்டோரையும் சானற்றோரியத்தில் தங்கியோரையும் ஒப்பிட்டபோது, அவர்கள் நோயாளரின் இல்லங்களுக்கே ஆளனுப்பி, ஐந்தாண்டுவரை தொடர்ந்து பார்த்து வந்தனர்.