பரமபிதாவும் பிரிஸ்டல் நகரத்து அநாதைகளும்

கடவுளைத் தந்தையென்று அழைப்பது கிறிஸ்தவ சமயத்தில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். இயேசுநாதர் தம் சீடர்க்குக் கற்பித்த ஜெபமே அந்த விளியில்தான் தொடங்குகிறது. எழுத்தறியாத பாமரரும் அதை மனப்பாடமாகச் சொல்வர். நாவில் இவ்வாறு பழகிப்போன அந்த உறவை, நாள்தோறும் அடுப்பெரிய வேண்டிய ஒரு பெருங்குடும்பத்தின் வரவு செலவில் வைத்து, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகறிய மெய்ப்பிக்க முற்பட்டவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அநாதைக் குழந்தைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லரே அவர்.

அவர் ஆங்கிலேயர் அல்லர். 1805-ஆம் ஆண்டு, பிரஷ்யா ராஜ்யத்தில் கிரோப்பென்ஸ்டெட் என்னும் சிற்றூரில் பிறந்தவர். தந்தையார் சர்க்கார் வரி வசூலிக்கும் உத்தியோகஸ்தர். தெய்வத்தின் பிதிருவாத்ஸல்யத்துக்குச் சாட்சியாக வாழ்ந்த இவருடைய பால்யமோ பெற்ற தந்தையை வஞ்சித்த கதையாகவே இருந்தது. பத்து வயது நிறையுமுன்பே, தந்தையின் பொறுப்பிலிருந்த சர்க்கார் பணத்தில் கை வைக்கலானார். சந்தேகங்கொண்ட தந்தை ஒருநாள் சிறு தொகையை எண்ணி, மகன் இருந்த அறையில் வைத்துவிட்டு அகன்றார். மீண்டு வந்து எண்ணியபோது தொகை குறைந்திருந்தது. மகனைச் சோதித்தபோது, காணாமற்போன காசு அவன் பாதத்துக்கும் பாதரட்சைக்கும் நடுவே அகப்பட்டது. பதினாறு வயதில், விடுதிகளில் தங்கிவிட்டுப் பணம் கட்டாமல் நழுவிய குற்றத்துக்காகச் சிறையில் கிடந்தபோது, கடனைத் தீர்த்து அவரை மீட்டவரும் அந்தத் தந்தையே. இவற்றையெல்லாம் பிற்காலத்தில் முல்லர் தம் சரிதையில் ஒளிவு மறைவின்றி எழுதி வைத்தார்.

1825-இல் ஹாலே சர்வகலாசாலையில் அவர் வேதசாஸ்திரம் பயின்றுகொண்டிருந்தார். ஹாலே நகரம் தமிழருக்கு அந்நியமானதன்று. 1706-இல் தரங்கம்பாடிக்கு மிஷனெரியாக வந்த சீகன்பால்கு பயின்ற இடம் அது. அந்த ஊழியத்துக்குப் பேராதரவாக நின்ற பிராங்கே என்னும் பெரியார், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஒரு பெரிய அநாதைச் சாலையை நிறுவியிருந்தார். 1825 நவம்பர் மாதத்தில், நண்பர் ஒருவர் தம்முடன் முல்லரை ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒருவர் முழந்தாளிட்டு ஜெபித்ததைக் கண்ட முல்லருக்கு, அதுவரை எவரும் முழந்தாளிட்டு ஜெபித்துத் தாம் கண்டதேயில்லை என்பது நினைவுக்கு வந்தது. அன்றிரவே அவர் மனம் திரும்பிற்று.

மனம் திரும்பிய மகன் மிஷனெரியாக விரும்பியபோது தந்தை வெகுண்டார். நல்ல வருமானமுள்ள குருவாக மகன் அமர்ந்தால், முதுமையில் அவன் இல்லத்தில் நிம்மதியாக இருக்கலாம் என்று எண்ணியே அவர் பெரும் பொருளைச் செலவிட்டுப் படிக்க வைத்திருந்தார். அவர் விருப்பப்படி நடக்க இயலாதென்று தெளிந்த முல்லர், இனி அவரிடம் பணம் பெறுவது நேர்மையன்று என்று தீர்மானித்தார். ஒரு காலத்தில் தந்தையின் காசைத் திருடியவர், இப்பொழுது அவர் மனமுவந்து தந்ததையும் வேண்டாமென்று விலக்கி, பரமபிதாவையே நம்பி நிற்கத் தொடங்கினார். அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதற்கும் அடித்தளம் இங்கேதான் இடப்பட்டதென்பது என் துணிபு.

1829-இல் இங்கிலாந்து சேர்ந்தவர், மறு ஆண்டில் மேரி குரோவ்ஸ் என்னும் மாதரசியை மணந்தார்; அதே காலத்தில், தாம் ஊழியம் செய்த சபையிலிருந்து பெற்றுவந்த சம்பளத்தையும் துறந்தார். 1832-இல் பிரிஸ்டலில் குடியேறினார். அவ்வாண்டு அந்நகரத்தில் வாந்திபேதி பரவிப் பல வீடுகளைப் பாழாக்கிற்று. வீதிகளில் திக்கற்ற பிள்ளைகளைக் கண்டு அவர் உள்ளம் உருகியது உண்மையே. ஆயினும், அநாதைச் சாலையைத் தொடங்கியதற்கு அவர் கூறும் முதற்காரணம் வேறு. நாளொன்றுக்குப் பதினான்கு, பதினாறு மணி நேரம் உழைத்து, உடலும் ஆத்துமாவும் நலிந்து, உழைப்பைச் சிறிது குறைத்தால் குடும்பம் பட்டினியாகுமென்று அஞ்சிய தொழிலாளரை அவர் சந்தித்தார். ஆகாயத்துப் பறவைகளைப் போஷிக்கும் பிதா உம்மைக் கைவிடுவாரோ என்று எத்தனை முறை சொன்னாலும் அவர்கள் மனம் தேறவில்லை. கண்ணால் காணக்கூடிய சான்றொன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது. 1835 நவம்பரில் பிராங்கேயின் சரித்திரத்தை மீண்டும் வாசித்தபோது, அந்தச் சான்று இன்னதென்று அவருக்குப் புலப்பட்டது. எந்த மனிதரிடமும் யாசிக்காமல், ஜெபத்தை மட்டுமே கருவியாகக்கொண்டு ஓர் அநாதைச் சாலை நடக்குமானால், பிதாவின் பராமரிப்பு பண்டைக்காலத்துக் கதையன்று என்பதை ஏழை எளியவரும் உணர்வரல்லவா?

வில்சன் தெருவில் ஒரு வீடு வாடகைக்கு அமர்த்தப்பட்டது. பணமும், தட்டுமுட்டுச் சாமான்களும், பணிபுரிய ஆட்களும் வேண்டுமென்று முல்லர் ஒவ்வொன்றாக ஜெபித்துப் பெற்றார். 1836 பிப்ரவரியில், பிள்ளைகளைச் சேர்க்க விண்ணப்பம் பெறுவதற்கென்று குறித்த நேரத்தில் அவர் காத்திருந்தார், ஒருவரும் வரவில்லை. பிள்ளைகள் தாமாகவே வருவரென்று எண்ணி, பிள்ளைகளுக்காக மட்டும் தாம் ஜெபிக்கவில்லையென்று அப்பொழுதுதான் அவருக்கு உறைத்தது. அன்று மாலை நெடுநேரம் ஜெபித்தார். மறுநாளே முதல் விண்ணப்பம் வந்தது. ஏப்ரலில் சிறுமியர் அவ்வீட்டில் குடிபுகுந்தனர்.

சோதனைக்காலமும் விரைவில் வந்தது. 1838 செப்டம்பரில் கையிருப்பு அறவே தீர்ந்து, நாள்தோறும் அன்றைய அப்பத்துக்கும் பாலுக்கும் அன்றன்றே வழி காணவேண்டியதாயிற்று. 18-ஆம் தேதி, கொடுக்க எதுவுமில்லாத வேளையில், லண்டனிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி தம் மகள் அளித்தனுப்பிய மூன்று பவுனுக்கு மேற்பட்ட தொகையைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் சில நாட்களுக்கு முன்பே பிரிஸ்டல் வந்து, அநாதைச் சாலைக்கு அடுத்த வீட்டிலேயே தங்கியிருந்தார்! உதவி அத்தனை அருகிலிருந்தும் இத்தனை நாள் கைக்கு வராமலிருந்ததே, தங்கள் விசுவாசத்தைப் பரீட்சித்து வளர்ப்பதற்காகத்தான் என்று முல்லர் மகிழ்ந்து எழுதினார். 1841-இன் இறுதியில் மீண்டும் வறுமை சூழ்ந்தபோது, வழக்கமான ஆண்டறிக்கையை வெளியிட்டால் அதுவே மறைமுகமான யாசகமாகிவிடுமென்று கருதி, அறிக்கையையும் கூட்டத்தையும் ஒத்திவைத்தார். தந்தையிடம் கேட்டுவிட்டு, தெருவிலும் கையேந்துவது மகனுக்கு அழகன்று என்பதே அவர் கொள்கை.

பிள்ளைகள் பெருகினர், அவர்களுடைய ஆரவாரம் தாங்கவில்லையென்று 1845-இல் அயலார் முறையிட, நகருக்கு வெளியே ஆஷ்லி டவுன் மேட்டில் நிலம் வாங்கப்பட்டது. 1849-இல் 300 பிள்ளைகளுக்கான முதற்கட்டடம் திறக்கப்பட்டது. 1870-க்குள் ஐந்து மாளிகைகள் எழுந்து, இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்க்கு இடமுண்டாயிற்று. அக்காலத்து அநாதைச் சாலைகள் பலவற்றில் சந்தாதாரர்களின் வாக்குகளைத் திரட்டினால்தான் இடம் கிடைக்கும். இங்கோ சிபாரிசுக்கு இடமேயில்லை, விண்ணப்பித்த வரிசையே முறை. எனினும், முறைப்படி மணந்தவர்க்குப் பிறந்து, தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கே அக்கதவு திறந்தது. மணவாழ்வுக்குப் புறம்பே பிறந்த குழந்தைகள் வெளியே நின்றனர். அளவற்ற பிதிருவாத்ஸல்யத்துக்குச் சான்றாக எழுந்த வீட்டிலும் அக்காலத்தின் குறுகிய எல்லை இருந்ததென்பதைச் சரித்திரம் எழுதுவோர் மறைத்தலாகாது. அந்தக் குறை மனிதருடையதேயன்றி, அவர்கள் போற்றிய பிதாவினுடையதன்று.

இந்த விசுவாசத்தின் தொடர்பு தமிழகத்துக்கும் உண்டு. முல்லரின் மைத்துனர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், எக்ஸிடரில் செழித்திருந்த பல்வைத்தியத் தொழிலைத் துறந்து, பாக்தாதில் ஊழியம் செய்து, 1833-இல் இந்தியா வந்தார். பாளையங்கோட்டையில் மிஷனெரி ரேனியஸ் ஐயரிடம் பயின்ற அருளப்பன் என்பவர் குரோவ்ஸுடன் சேர்ந்து உழைத்தார். பின்னர், சம்பளம் பெறாமல் பிதாவின் பராமரிப்பையே நம்பிச் சுவிசேஷம் அறிவித்தார். பிரிஸ்டலிலோ, முல்லர் 1898-இல் மறைந்தபோது, அவருடைய இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகளின் தொகை பதினாயிரத்தை எட்டியிருந்தது.

கடவுளின் பிதாத்துவத்தை நெஞ்சை இளக்கும் ஓர் இனிய உணர்ச்சியாக மட்டும் கொள்வோர் பலர். முல்லர் அதனை ஒரு தந்தையின் கடமையாகவும் அவருடைய வாக்கின் உறுதியாகவும் கொண்டு, அந்த வாக்கைத் திக்கற்ற குழந்தையின் உணவுத் தட்டில் தேடினார். கடவுளைத் தந்தையென்று அழைப்பவன் அவருடைய மற்றப் பிள்ளைகளுக்குச் சகோதரனாகிறான். அவர்கள் பசித்திருக்கத் தான் மட்டும் அவ்வாறு அழைத்து ஆறுதல் பெற அவனுக்கு உரிமையில்லை. பிரிஸ்டல் நகரத்து வரலாறு நமக்கு விட்டுச்சென்ற போதனை இதுவே.