பெயரைக் கழற்றிவிட்டுப் போகும் தாள்

சந்தவாசலில் யாரும் முதலில் பெயரைக் கேட்க மாட்டார்கள். "யார் வீட்டுப் பிள்ளை?" என்றுதான் கேட்பார்கள். வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூர் போகும் பேருந்துக்காக நிற்கும்போது, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு நம் தாத்தாவைத் தெரிந்திருக்கும். படவேட்டுப் பக்கமிருந்து வாழைத்தார் ஏற்றி வரும் வண்டிக்காரருக்கு நம் மாமாவைத் தெரிந்திருக்கும். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து, விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளையைக்கூட எந்த ஊர், யார் மகள் என்று இரண்டே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படி எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில், பதினேழு வயதுப் பெண் ஒருத்தி தன்னை யாரென்றே அறியாத ஒருவருக்கு முதன்முதலாகப் பக்கம் பக்கமாக எழுதப்போகிறாள். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் தமிழ் விடைத்தாள் அது. அவள் எந்தக் கல்லூரியில், எந்த வகுப்பில் உட்காருவாள் என்பதில் அந்தத் தாளுக்கும் பங்கு உண்டு. அது எங்கே பிறந்து, எந்த வழியாகப் போய், எப்படித் திரும்பி வருகிறது என்று பார்ப்போம்.

அந்தத் தாள் பிறப்பது ஊசி நூலில். தேர்வுக்குச் சில வாரங்கள் முன்பு, சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் முகப்புத்தாள்களை அச்சிட்டு அனுப்பும். மாணவியின் பெயர், புகைப்படம், பதிவெண், பாடம், தேர்வு நாள் எல்லாம் அதில் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். ஓரத்தில் பார்கோடு. அந்த முகப்புத்தாளை எழுதாத வெற்று விடைத்தாளின் மேல் வைத்துத் தையல் மிஷினில் தைப்பார்கள். ரவிக்கைத் துணியும் பாவாடை விளிம்பும் ஓடிய ஊசிக்குக் கீழே அந்த நாட்களில் விடைத்தாள் ஓடும். மொழிப்பாடம் என்பதால் உள்ளே கோடு போட்ட தாள்.

இந்தப் புகைப்பட முகப்புத்தாள் 2014 மார்ச் தேர்வில் வந்தது. அதற்கு முன்பெல்லாம் மாணவர்களே பதிவெண்ணைக் கையால் எழுதுவார்கள். திருத்தும் முகாமில் அதை மறைத்து, தாளுக்குத் தாள் 'டம்மி எண்' போட்டாக வேண்டும். பதிவெண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் ஒருத்தியின் உழைப்பு இன்னொருத்தியின் கணக்கில் ஏறிவிடுமோ என்ற பயம் இருந்தது. இப்போது அந்தப் பயத்தைப் பார்கோடு சுமக்கிறது.

தாள் தைக்கப்படுவதற்கு வெகுநாள் முன்பே, அதில் எழுத வேண்டிய கை தயாராகத் தொடங்கிவிடும். காலாண்டு, அரையாண்டு, அதன்பின் வரிசையாகத் திருப்புதல் தேர்வுகள். காலையில் ஒரு சிறப்பு வகுப்பு, மாலையில் ஒன்று. கடையில் வாங்கிய தாளில் இடப்பக்கம் மார்ஜின் மடித்து, வலப்பக்கம் விரல் அகலம் விட்டு எழுதி எழுதி, நடுவிரலின் ஓரம் காய்த்துப் போகும்.

தமிழ்த்தாளுக்கு எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண், அகமதிப்பீடு 10. அந்தத் தொண்ணூறும் ஒரு படிக்கட்டு மாதிரி. முதலில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. அடுத்து இரண்டு மதிப்பெண் குறுவினாக்கள் 12, நான்கு மதிப்பெண் சிறுவினாக்கள் 7, ஆறு மதிப்பெண் நெடுவினாக்கள் 3. கடைசியில் அடிபிறழாமல் எழுத வேண்டிய மனப்பாடப் பகுதிக்கு 6. பிள்ளைகள் இந்தக் கணக்கைத் திருக்குறளைவிட நன்றாக ஒப்பிப்பார்கள். நெடுவினாவுக்கு எத்தனை பக்கம், உட்தலைப்பு எத்தனை, மேற்கோளை எங்கே வைப்பது என்று எல்லாவற்றுக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. எழுத நீலம் அல்லது கறுப்பு மை மட்டும்தான், அடிக்கோடுக்கும் அதே மைதான் என்று கேள்வித்தாளே சொல்லிவிடும். ஆக, அழகுக்கு மிச்சம் இருப்பது கையெழுத்து ஒன்றுதான்.

இந்த இடத்தில் தமிழாசிரியரிடம் ஒரு பிள்ளை கேட்கும்: "ஐயா, நான் நல்லா படிக்கிற பொண்ணுன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"எனக்குத் தெரியும்மா. திருத்துறவருக்குத் தெரியாதே. அவருக்கு உன் தாள் மட்டும்தான் தெரியும். நீ மனசுல வெச்சிருக்கிறது அவருக்குக் கேக்காது."

ஒரு வருடப் பயிற்சியின் சாரம் இந்தப் பேச்சில் இருக்கிறது. வகுப்பில் பாதி வாக்கியம் சொன்னாலே ஐயா மீதியைப் புரிந்துகொள்வார். தாளில் அந்தப் பாதியையும் எழுதியாக வேண்டும். கேள்வி எண்ணைச் சரியாகப் போடுவது, ஒரு விடைக்கும் அடுத்த விடைக்கும் நடுவே இடம் விடுவது, அடித்ததை ஒரே கோட்டில் அடிப்பது ஆகிய எல்லாமே முகம் தெரியாத விருந்தாளிக்குத் திண்ணையைக் கூட்டி வைப்பது போன்றவை.

தேர்வு நாள். ஓர் அறைக்கு இருபது பேர். உறை பிரிக்கப்படாமல் இருக்கிறது என்பதற்கு இரண்டு மாணவர்களிடம் கையெழுத்து வாங்கிய பிறகே கேள்வித்தாள் கட்டைப் பிரிப்பார்கள். காலை 10 மணிக்குக் கேள்வித்தாள் கையில் வரும். பத்து நிமிடம் வாசிப்பதற்கு, ஐந்து நிமிடம் முகப்புத்தாள் விவரங்களைச் சரிபார்ப்பதற்கு. 10.15க்குப் பேனா தாளைத் தொடும், 1.15க்கு விடும். தன் புகைப்படத்துக்குக் கீழே கையெழுத்துப் போடும்போது அந்தத் தாள் முழுக்க அவளுடையது. உள்பக்கம் ஒன்றில்கூடப் பெயரோ பதிவெண்ணோ வரக்கூடாது. "ஐயா, பாஸ் போட்டுவிடுங்கள்" என்று வேண்டுகோள் எழுதக்கூடாது. எழுதிய விடைகள் எல்லாவற்றையும் தானே கோடு போட்டு அடித்துவிட்டால் அது ஒழுங்கீனம், தண்டனை உண்டு. பிடிக்கவில்லை என்று திரும்ப வாங்கிக்கொள்ள முடியாத கடிதம் அது.

எழுதப்படாமலே போகும் தாள்களும் உண்டு. 2023 மார்ச்சில், பன்னிரண்டாம் வகுப்பு மொழித்தாள் அன்று மாநிலம் முழுக்க 50,000க்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வரவில்லை. அத்தனை பேருக்கும் முகப்புத்தாள் அச்சாகியிருந்தது. குடும்பத்தோடு பிழைப்புக்கு வெளியூர் போவது பழகிப்போன மலையடிவாரத்தில், காலியாகக் கிடக்கும் மேசையின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு, கொரோனாவால் 2021இல் தேர்வே ரத்தானது. பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கூட்டி மதிப்பெண் போட்டார்கள். அந்த ஒரு வருடம் இந்தத் தாள் பயணமே போகவில்லை.

மற்ற வருடங்களில், மணி அடித்ததும் தாள்கள் எண்ணிக் கட்டப்பட்டு, முத்திரை வைக்கப்பட்டு, வழித்தட அலுவலரின் வண்டியில் ஏறும். பிறகு வேறு மாவட்டத் திருத்தும் முகாமுக்குப் போகும். திருத்துவதற்கு முன்பு, பெயரும் புகைப்படமும் இருக்கும் பகுதியைக் கிழித்துப் பிரித்துவிடுவார்கள். மிஞ்சுவது பார்கோடும் கையெழுத்தும். சந்தவாசல், ஜாதி, அப்பாவின் தொழில், பள்ளியின் பெயர் எல்லாம் அந்தக் கிழிசலோடு போய்விடும்.

முகாமில் உதவித் தேர்வாளர் சிவப்பு மையோடு உட்கார்ந்திருப்பார். அவர் எங்கோ ஒரு பள்ளியின் தமிழாசிரியர். அவர் திருத்தியதைக் கூர்ந்தாய்வு அலுவலர் பார்ப்பார், முதன்மைத் தேர்வாளர் பார்ப்பார், கூட்டலை இன்னொருவர் சரிபார்ப்பார். கோடை வெயிலில் ஒரு கட்டு முடிந்தால் அடுத்த கட்டு. அந்தக் கட்டில் எட்டாவதாகவோ பத்தாவதாகவோ வரும் அவளுடைய தாள், சலித்துப்போன கண்ணைச் சில நிமிடம் நிமிர வைக்க வேண்டும். ஐயா சொன்னதன் அர்த்தம் இங்கேதான் முழுதாகிறது.

பெயர் தெரியாத ஒருவர் எழுதியதைப் பெயர் தெரியாத இன்னொருவர் படித்துக் கல்லூரிக்கு வழிவிடுவது நம் ஊருக்குப் பழைய வழக்கம் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கிய 1857க்குப் பிறகு வேர் பிடித்தது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். அவர்களில் ஒருவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. தேர்வுத்தாளில் எழுதித் தேறியவர், பின்னாளில் ஏட்டில் கிடந்த பழந்தமிழ் நூல்களைத் தாளில் அச்சேற்றினார். கல்லூரியில் படித்த பி.யூ.சி. போய்ப் பள்ளிக்குள் மேல்நிலை வகுப்பு வந்தது 1978இல். முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980 மார்ச்சில். 1984இல் பொறியியல், மருத்துவத்துக்கு நுழைவுத்தேர்வு வந்தது. நகரத்துப் பயிற்சி மையங்களுக்குப் போக முடியாத பிள்ளைகள் பின்தங்கினார்கள். 2007இல் அது நீங்கிப் பள்ளித் தாளுக்கே மறுபடி மதிப்பு வந்தது. மருத்துவம் மட்டும் 2017இல் நீட் பக்கம் போய்விட்டது.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில், சேர்ந்த பிறகு ஒரு கட்டுரை எழுதச் சொல்வார்கள். எந்த எழுத்து வகுப்பில் உட்கார வைப்பது என்று முடிவு செய்வதற்காக. காலேஜ் போர்டு நடத்தும் அக்யூபிளேசர் தேர்வின் கட்டுரையைக் கணினியே படித்து 8 வரை புள்ளி போடும். நம் பிள்ளைக்கு அப்படி ஒரு தனித்தேர்வு கிடையாது. அந்த வேலையையும் தைத்த தாளே செய்துவிடுகிறது. திருவண்ணாமலையிலோ செய்யாற்றிலோ உள்ள அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழுக்கு விண்ணப்பித்தால், தரவரிசை அவளுடைய தமிழ்த்தாள் மதிப்பெண்ணை வைத்துத்தான். ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கிலத்தாள். மற்றப் பல பட்டப்படிப்புகளுக்கு முதன்மைப் பாடங்கள் நான்கின் கூட்டல். பொறியியலுக்கோ கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குத்தான் கட்ஆஃப். அதில் தமிழுக்கு இடமே இல்லை. அதனால்தான் ஒரே அறையில் ஒருத்தி தமிழ்த்தாளை உயிரைக் கொடுத்து எழுதுகிறாள், பக்கத்து மேசைக்காரி 35 வந்தால் போதும் என்று எழுதுகிறாள். ஆனால் கட்ஆஃபில் வராத தாளுக்கும் வேலை உண்டு. கல்லூரிக்குப் போன முதல் மாதமே ஆய்வகக் குறிப்பும் விண்ணப்பமும் விளக்கமும் எழுதச் சொல்வார்கள். முன்பின் தெரியாதவருக்குப் புரியும்படி எழுதுவதை அவள் வேறு எந்தப் பாடத்தில் இவ்வளவு நாள் பழகினாள்?

மே மாதத்தில் முடிவு வரும். பார்கோடு வழியே மதிப்பெண் மறுபடி பெயரோடு சேரும். தாள் வராது. அது குறித்த காலம்வரை பாதுகாப்பில் இருந்துவிட்டு, பிறகு கழிவுத்தாளாகப் போய்ச் சேரும். மதிப்பெண்ணில் ஐயம் இருப்பவர்கள் பணம் கட்டினால் விடைத்தாளின் ஸ்கேன் நகல் கிடைக்கும். அதைப் பார்த்துவிட்டு மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம்.

அப்படி ஒரு நாள், கம்ப்யூட்டர் சென்டரில் எடுத்த நகலை வீட்டுத் திண்ணையில் எல்லோரும் கூடிப் பார்ப்பார்கள். முதல் பக்கங்களில் எழுத்து நெட்டுக்குத்தாக நிற்கிறது. கடைசி நெடுவினாவில் சரிந்து ஓடுகிறது, மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். குறுக்கே சிவப்பு மை. ஓரிடத்தில் அந்த முகம் தெரியாதவர் அரை மதிப்பெண் போட்டுவிட்டு, அதை அடித்து முழு மதிப்பெண்ணாக ஆக்கியிருக்கிறார். இரண்டாம் முறை படித்திருக்க வேண்டும்.

அத்தனை பக்கத்திலும் அவள் பெயர் எங்கும் இல்லை. 'ழ'வின் வாலை அவள் இழுக்கிற இழுப்பைப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டுப் பாட்டி மட்டும் கேட்காமலே சொல்லிவிடுவாள், இது யார் வீட்டுப் பிள்ளை எழுதியதென்று.