கூலிக்குக் கடிதம்

எழுதப் படிக்கத் தெரியாதவர் சொல்லச் சொல்ல, தெரிந்தவர் காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருவது பல நாடுகளில் நூற்றாண்டுக் கணக்கில் நடந்துவந்த தொழில். முதலீடு அதிகம் வேண்டாம். ஒரு சிறு மேசை, இரண்டு முக்காலி, காகிதம், மை போதும். இடம்தான் முக்கியம். தபால் ஆபீஸ் வாசல், கோர்ட் வாசல், சந்தை, துறைமுகம், ரயில் நிலையம் என்று, ஊரை விட்டு வந்தவர்கள் கூடும் இடத்தில்தான் மேசை விழும்.

இந்தத் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. கணவனுக்கும் மகனுக்கும் மட்டுமே சொல்லவேண்டியதை முதலில் கேட்பவர் முன்பின் தெரியாத ஒருவர். ஆனால் தெரியாதவராக இருப்பதுதான் வசதி. உள்ளூர் வாத்தியாரிடம் எழுதச் சொன்னால் விஷயம் விளக்கு வைப்பதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிடும். நகரத்து எழுத்தரோ அடுத்த வாடிக்கையாளர் உட்கார்ந்ததும் முந்தையவரை மறந்துவிடுவார், அல்லது மறந்ததுபோல் இருப்பார். சொல்பவருக்குத் தான் சொன்னதுதான் தாளில் இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாது. தபாலில் சேர்க்கும் பொறுப்பையும் எழுத்தரிடமே விட்டால், கடிதம் போனதா என்பதும் தெரியாது. ஆக முழுக்க நம்பிக்கையில் ஓடிய தொழில் இது. அந்த நம்பிக்கை எங்கே உடையும், எங்கே ஒட்டும் என்பதைத்தான் பிற்காலத்தில் சினிமா பிடித்துக்கொண்டது.

பாரிஸ் நகரில் இந்த எழுத்தர்களின் பெயர்பெற்ற இடம், கேட்கச் சற்றுத் திகைப்பாக இருந்தாலும், ஒரு கல்லறை. சேன் இன்னோசன் கல்லறையைச் சுற்றி, எலும்புகள் குவித்து வைக்கப்பட்டிருந்த பரண்களுக்குக் கீழே, வளைவு மண்டபங்களில் அவர்கள் மேசை போட்டிருந்தார்கள். வேலைக்காரப் பெண்கள் காதல் கடிதத்துக்கும், குடியானவர்கள் மன்னருக்கு மனு எழுதவும் அங்கே வந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் வாழ்க்கையைப் பல தொகுதிகளாக எழுதிய லூயி செபாஸ்தியன் மெர்சியே இவர்களையும் விட்டுவைக்கவில்லை. 1780இல் கல்லறை மூடப்பட்டது. எலும்புகள் நகரத்துக்கு அடியிலிருந்த சுரங்கங்களுக்குப் போயின. எழுத்தர்கள் நகரின் வேறு மூலைகளுக்கு நகர்ந்தார்கள். மெக்சிகோ நகரில் சாந்தோ தொமிங்கோ சதுக்கத்து வளைவு மண்டபம் இதே வேலைக்குப் பேர்போனது. அங்கே இறகுப் பேனா போய் டைப்ரைட்டர் வந்தது. பிறகு கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சின்ன அச்சு இயந்திரங்கள் வந்தன. போலிச் சான்றிதழ்கள் கிடைக்கும் இடம் என்ற கெட்ட பெயரும் கூடவே வந்தது. ஒரே தாளில் உண்மையும் பொய்யும் எழுதத் தெரிந்தவர்களின் சந்தைக்கு இது ஆச்சரியமில்லை.

இந்தியாவில் இதற்குப் பம்பாய் ஜெனரல் போஸ்ட் ஆபீஸ் எதிரிலிருந்த நடைபாதையைச் சொல்லவேண்டும். தார்ப்பாய் நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் கடிதம் மட்டும் எழுதவில்லை. மணியார்டர் படிவம் நிரப்பினார்கள், பார்சலைத் துணியில் தைத்து அரக்கு வைத்தார்கள், பதில் வந்தால் படித்துக் காட்டினார்கள். மில் தொழிலாளியும் கட்டட வேலைக்கு வந்தவரும் வாடிக்கையாளர்கள். காமாட்டிபுராவில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களும் வந்தார்கள். ஊருக்குப் பணம் அனுப்பும்போது தன் வேலை என்ன என்பது கடிதத்தில் வராது. நலமாக இருக்கிறேன், பணம் அனுப்பியிருக்கிறேன், தம்பியைப் படிக்க வை என்ற அளவில் முடிந்துவிடும். உண்மை தெரிந்த ஒரே ஆள் மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்தான். இந்தியாவில் மணியார்டர் 1880இல் வந்தது. 1951 கணக்கெடுப்பில் எழுத்தறிவு பெற்றோர் 100க்கு 18 பேர்தான். இந்த இரண்டும் சேர்ந்த காலம்தான் நடைபாதை மேசைக்குப் பொற்காலம். எஸ்.டி.டி. பூத் வந்தபோது கூட்டம் குறைந்தது; செல்போன் வந்ததும் மிஞ்சியது படிவமும் பார்சலும்தான். தமிழ்நாட்டில் இதன் உறவுக்காரர்களை இன்றும் பார்க்கலாம். கலெக்டர் அலுவலக வாசலில் குறைதீர்க்கும் நாளன்று மனு எழுதித் தருபவர்கள் அவர்கள். ஆனால் மனுவில் குறை இருக்கும், ஏக்கம் இருக்காது.

சினிமா இந்தத் தொழிலைக் கண்டெடுத்த இடம் பிரேசில். அதற்கு அந்த நாட்டின் வரலாற்றில் காரணம் உண்டு. வடகிழக்கின் வறண்ட உள்நாடான செர்த்தாவில் மழை பொய்ப்பது புதிதல்ல. 1877 முதல் 1879 வரை நீடித்த வறட்சியில் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் அதே நிலத்திலிருந்து மக்கள் ரியோவுக்கும் சாவோ பாலோவுக்கும் கிளம்பினார்கள். லாரியின் பின்புறத்தில் மரப்பலகைகளைக் குறுக்கே போட்டு, அதில் நெருக்கி உட்கார்ந்து, நாள்கணக்கில் வந்தார்கள். 1950 கணக்கெடுப்பில் 15 வயதைத் தாண்டிய பிரேசிலியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஓட்டுப் போடும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. 1881 சட்டத்தால் போன அந்த உரிமை 1985இல்தான் திரும்பியது. எழுத்தில்லாதவர் இரண்டு முறை வாயடைக்கப்பட்டார்: அரசிடமும் பேச முடியாது, வீட்டாரிடமும் பேச முடியாது.

இந்த நாட்டில் ஒரு கடிதம் என்ன செய்யும் என்பதற்கு லூயிஸ் இனாசியோ லூலா ட சில்வாவின் குடும்பக் கதை நல்ல சான்று. பின்னாளில் நாட்டின் அதிபரான லூலா பெர்னாம்புகோ மாநிலத்துக் கிராமத்தில் பிறந்தவர். தந்தை சாந்தோஸ் துறைமுகத்தில் சுமை தூக்கிக்கொண்டிருந்தார். அங்கே அவருக்கு வேறொரு குடும்பமும் இருந்தது. தந்தைக்கு எழுத்துத் தெரியாது. உடனிருந்த மூத்த மகன் ஒருவன்தான் ஊருக்குக் கடிதம் எழுதுவான். ஒருமுறை அவன் தந்தை சொன்னதை விட்டுவிட்டு, இருப்பதை விற்றுவிட்டு எல்லோரும் கிளம்பி வரும்படி தாய்க்கு எழுதினான். தாய் நம்பினார். 1952இல் குழந்தைகளோடு 13 நாள் லாரிப் பயணம் செய்து சாவோ பாலோ கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். பயணித்த குழந்தைகளில் ஒருவர் லூலா. எழுதுகிறவன் ஒரு வரியை மாற்றியதில் ஒரு குடும்பத்தின் வாழ்க்கை திசை திரும்பியது.

ரியோவின் மத்திய ரயில் நிலையம் இப்படி வந்தவர்கள் தினமும் கடக்கும் இடம். 1858இல் இரண்டாம் பேத்ரு மன்னர் பெயரில் தொடங்கிய ரயில்பாதையின் முனையம் அது. 1889இல் முடியாட்சி போனதும் பாதையின் பெயர் 'சென்ட்ரல் டோ பிரசில்' என்று மாறியது. உயரமான கடிகாரக் கோபுரத்தோடு இன்று நிற்கும் கட்டடம் 1940களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. காலையும் மாலையும் புறநகர் ரயில்களில் தொங்கிக்கொண்டு வரும் கூட்டம்; ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நேரமில்லாத ஓட்டம். இதே பெயரில் 1998இல் வெளியான படத்தில் வால்ட்டர் சாலஸ் இந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு மேசையைப் போட்டார்.

படத்தின் விதை ஒரு நிஜக் கடிதம். பாஹியா மாநிலச் சிறையிலிருந்த சோக்கோரோ நோப்ரே என்ற பெண், பத்திரிகையில் ஃபிரான்ஸ் க்ராய்ச்பெர்க் என்ற சிற்பியைப் பற்றிப் படித்துவிட்டு அவருக்கு எழுதினார். போலந்தில் பிறந்த யூதரான க்ராய்ச்பெர்க் நாஜிகளின் இன அழிப்பில் குடும்பத்தை இழந்தவர். பிரேசிலுக்கு வந்து, எரிந்த காட்டு மரங்களைக் கொண்டு சிற்பம் செய்துகொண்டிருந்தார். முகம் பார்க்காத இருவரின் நட்பை சாலஸ் 1995இல் குறும்படமாக எடுத்தார். அதிலிருந்துதான் அடுத்த கதை முளைத்தது. புதிய படத்தின் தொடக்கத்தில் எழுத்தர் முன் உட்கார்ந்து, சிறையிலிருக்கும் அன்பனுக்குக் கண்ணீரோடு கடிதம் சொல்லும் பெண்ணாக நடித்தவர் அதே சோக்கோரோ நோப்ரே. படப்பிடிப்பில் வேறொன்றும் நடந்தது. மேசையைப் பார்த்த பயணிகள் நிஜமாகவே வந்து உட்கார்ந்து, ஊரிலிருக்கும் உறவுகளுக்குக் கடிதம் சொல்லத் தொடங்கினார்கள். அந்த முகங்கள் சில படத்தில் அப்படியே இருக்கின்றன. தொழில் எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு இதைவிடப் புள்ளிவிவரம் வேண்டியதில்லை.

எழுத்தர் டோராவாக நடித்தவர் ஃபெர்னாண்டா மாண்ட்டெநெக்ரோ. டோரா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, தனியாக வாழ்பவர், சிடுசிடுப்புக்காரர். நாள் முழுக்க வாங்கிய கடிதங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் அண்டை வீட்டு இரேனேயோடு சேர்ந்து படித்துச் சிரிப்பார். சிலவற்றைக் கிழித்தெறிவார், சிலவற்றை இழுப்பறைக்குள் தள்ளுவார். தபாலில் போடுவதாகச் சொல்லி வாங்கிய காசு மட்டும் பையில் இருக்கும். பம்பாய் நடைபாதைக்காரர் வாடிக்கையாளரின் ரகசியத்தைக் காத்தார் என்றால், டோரா அதற்கு நேர் எதிர். ஆனால் கதை அவரை வில்லியாக்கவில்லை. மற்றவர்களின் நம்பிக்கையை நாளெல்லாம் கேட்டுக் கேட்டு எதையும் நம்பாமல் போன ஒருவரைக் காட்டுகிறது. இந்தத் தொழிலின் தனிமை எந்தப் பக்கம் அதிகம் என்ற கேள்வியைப் படம் இப்படித் திருப்பிப் போட்டது. சொல்பவருக்கு எழுத யாராவது இருக்கிறார்கள். எழுதுபவருக்கு யாரும் இல்லை.

ஆனா என்ற பெண் மகன் ஜோசுவேயோடு வந்து, பிரிந்துபோன கணவனுக்கு எழுதச் சொல்கிறார். அடுத்த முறை வந்து திரும்பும்போது நிலையத்துக்கு வெளியே பஸ் மோதி இறக்கிறார். ஒன்பது வயதுச் சிறுவன் நிலையத்தில் தனித்து நிற்கிறான். டோரா அவனைக் கூட்டிப்போய், தத்துக் கொடுப்பதாகச் சொல்லும் கும்பலிடம் விற்று, அந்தப் பணத்தில் டி.வி. வாங்குகிறார். மனசாட்சி உறுத்தியபின் அவனைத் திருடி மீட்டு, தந்தையைத் தேடி வடகிழக்குக்கு பஸ் ஏறுகிறார். லட்சக்கணக்கானோர் வந்த வழியிலேயே படம் திரும்பிப் போகிறது. வழியில் கையில் காசில்லாமல் ஒரு யாத்திரைத் தலத்தில் மாட்டிக்கொள்ளும்போது, சிறுவன் சொன்ன யோசனைப்படி டோரா மீண்டும் மேசை போடுகிறார். பக்தர்கள் வரிசையில் நின்று புனிதர்களுக்கும் வீட்டுக்கும் கடிதம் சொல்கிறார்கள். இந்த முறை அந்தக் கடிதங்களைக் கிழிக்க அவருக்கு மனம் வரவில்லை.

தொழிலின் வரலாறு தெரிந்தவருக்குப் படத்தின் உச்சம் இன்னொரு காட்சி. தந்தை கிடைக்கவில்லை, ஜோசுவேயின் மூத்த சகோதரர்கள் இருவர் கிடைக்கிறார்கள். தந்தை ஆனாவுக்கு எழுதச் செய்த கடிதம் ஒன்று பிரிக்கப்படாமல் அவர்களிடம் இருக்கிறது. படிக்கத் தெரியாத அவர்கள் அதை டோராவிடம் நீட்டுகிறார்கள். அவர் படிக்கிறார். பிள்ளைகளைப் பற்றிய வரியில் ஜோசுவேயின் பெயரையும் சேர்த்துப் படிக்கிறார். அது தாளில் இல்லை என்பது பார்வையாளருக்குத் தெரிகிறது. கடிதங்களில் ஏமாற்றிய அதே கை, அதே அதிகாரத்தை இந்த முறை ஒரு சிறுவனுக்காகச் செலவழிக்கிறது. சாந்தோஸில் லூலாவின் அண்ணன் செய்ததும் இதுதான். சிறுவனாக நடித்த வினீசியஸ் டி ஒலிவேரா ரியோ விமான நிலையத்தில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது சாலஸ் கண்ணில் பட்டவன் என்பதும், இந்தக் கதைக்குப் பொருத்தமான தற்செயல்.

பெர்லின் விழாவில் தங்கக் கரடியும், மாண்ட்டெநெக்ரோவுக்குச் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடியும் கிடைத்தன. 1999 ஆஸ்காரில் இரண்டு பரிந்துரைகள் வந்தன, விருது வரவில்லை.

பின்னால் வந்தவர்களும் இந்தத் தொழிலை விடவில்லை. ஷியாம் பெனகலின் 'வெல்கம் டு சஜ்ஜன்பூர்' (2008) ஒரு வட இந்தியக் கிராமத்து எழுத்தனைப் பற்றிய நகைச்சுவை. மும்பைக்குப் போன கணவனுக்கு ஒரு பெண் சொல்வதை, தன் ஆசைக்கு ஏற்ப அவன் திரித்து எழுதுகிறான். ஸ்பைக் ஜோன்ஸின் 'ஹெர்' (2013) வருங்கால லாஸ் ஏஞ்சலஸில் நடக்கிறது. அதன் நாயகன் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து, பிறருக்காகக் கையெழுத்துக் கடிதங்கள் தயாரிக்கிறான். அங்கே வாடிக்கையாளர்கள் எல்லோரும் படித்தவர்கள். எழுதத் தெரியாததால் அல்ல, என்ன எழுதுவதென்று தெரியாததால் வருகிறார்கள். பழைய தொழில் இந்தப் புதிய காரணத்தோடு திரும்பி வரும் என்று அந்தப் படம் எடுத்த ஊகம், இன்றைக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை.

பிரேசிலில் 'சென்ட்ரல் டோ பிரசில்' படத்தின் விளைவு வேறு மாதிரி வந்தது. சாவோ பாலோ மாநில அரசு, அடையாள அட்டை முதல் ஓட்டுநர் உரிமம் வரை ஒரே கூரையின்கீழ் தரும் 'போப்பதெம்போ' சேவை மையங்களை நடத்துகிறது. 2000களின் தொடக்கத்தில், இந்தப் படத்தைப் பார்த்த ஊக்கத்தில், அவற்றில் சிலவற்றில் கடிதம் எழுதித் தரும் மேசை ஒன்று போடப்பட்டது. உட்கார்ந்தவர்கள் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது. வேலைக்கான விண்ணப்பம், சுயவிவரம், அரசுப் படிவம், டி.வி. நிகழ்ச்சிக்கு உதவி கேட்டு மனு என்று வேலை வந்தது. ஊரில் பல வருடமாகப் பார்க்காத உறவினருக்கு எழுதச் சொல்லியும் ஆட்கள் வந்தார்கள்.