அரபுலகில் இருத்தலியல்: சுதந்திரமும் பொறுப்பும்

இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பியத் தத்துவங்களுள் தனிமனித சுதந்திரத்தை மிக அழுத்தமாகப் பேசியது இருத்தலியல். 1945 அக்டோபரில் பாரிஸில் ஆற்றிய உரையில் ழான் பால் சார்த்தர் அதன் சாரத்தை விளக்கினார். மனிதன் முதலில் இருக்கிறான். பின்னரே தன் தேர்வுகளாலும் செயல்களாலும் இன்னாரென ஆகிறான். முன்கூட்டியே வகுக்கப்பட்ட இயல்பு அவனுக்கில்லை. ஆகவே சாக்குச் சொல்லவும் அவனுக்கு வழியில்லை. சாக்குகளால் தன் சுதந்திரத்தைத் தன்னிடமிருந்தே மறைப்பவன் தன்னையே ஏய்த்துக்கொள்கிறான் என்பது சார்த்தரின் கண்டனம்.

இச்சிந்தனை அரபு மொழிக்குள் வந்த வரலாறு நம் கவனத்துக்குரியது. எகிப்திய அறிஞர் அப்துர் ரஹ்மான் பதவீ (1917–2002), சார்த்தரின் அவ்வுரைக்கு முந்தைய ஆண்டிலேயே கெய்ரோவில் தம் முனைவர் பட்ட ஆய்வை நிறைவு செய்தார். ‘அஸ்ஸமானுல் வுஜூதீ’ என்னும் பெயரில் அது 1945இல் நூலாயிற்று. அவர் சார்த்தரைவிட ஜெர்மானியரான ஹைடெக்கருக்கே அதிகம் கடன்பட்டவர். 1947இல் எழுதிய மற்றொரு நூலில், ஸூஃபிகளின் அகத்தேடலோடு இருத்தலியலுக்கு உறவு காணவும் முயன்றார்.

அரபியில் இத்தத்துவத்திற்கு ‘வுஜூதிய்யா’ என்று பெயர். வுஜூத், மாஹிய்யத் என்னும் பாகுபாடு இப்னு ஸீனா (மறைவு 1037) காலந்தொட்டு நம் மதரஸாக்களுக்குப் பழக்கமானதே. ஆனால் இப்னு ஸீனாவிடம் பொருள்களின் வுஜூத் ‘வாஜிபுல் வுஜூத்’ ஆகிய இறைவனிடமிருந்து வருவது. சார்த்தரிடமோ அளிப்பவன் எவனும் இல்லை. சொல் ஒன்றாயிருப்பதால் இந்த இடைவெளி மறைந்துவிடாது.

இன்னொரு சொல்லும் இங்கு முக்கியமானது. எழுத்தாளன் சமூகத்தின் பக்கம் நின்று பொறுப்பேற்க வேண்டும் என்ற சார்த்தரின் கருத்தைக் குறிக்க, தாஹா ஹுஸைன் 1947இல் ‘இல்திஸாம்’ என்ற சொல்லைக் கையாண்டார். ஒருவர் தாமே விரும்பி ஒரு கடமையைத் தம்மீது ஏற்றுக்கொள்வதை ஃபிக்ஹு இச்சொல்லால் குறிக்கிறது. 1953இல் பெய்ரூத்தில் ஸுஹைல் இத்ரீஸ் தொடங்கிய ‘அல்ஆதாப்’ இதழ் இதனையே தன் கொடியாக உயர்த்தியது. சுதந்திரம் அரபு மண்ணில் கடமையின் உடையோடுதான் நடமாடியது.

சார்த்தரும் அந்நாளில் அக்கடமைக்கு உகந்தவராகவே தோன்றினார். அல்ஜீரியப் போரில் ஆயுதம் ஏந்த மறுக்கும் உரிமையை ஆதரித்து 1960இல் 121 பேர் வெளியிட்ட அறிக்கையில் அவர் கையொப்பமிட்டார். அவருடைய வீட்டில் குண்டு வெடித்தது. 1961இல் பிரான்ஸ் ஃபனானின் நூலுக்கு முன்னுரையும் எழுதினார். 1967இன் தொடக்கத்தில் ‘அல்அஹ்ராம்’ நாளிதழின் அழைப்பில் எகிப்து சென்று, காஸாவின் அகதி முகாம்களையும் கண்டார். ஆனால் ஜூன் போருக்குச் சில நாள்களுக்கு முன் இஸ்ரேலுக்கு ஆதரவான அறிக்கையில் அதே கை ஒப்பமிட்டது. ஃபனானின் துணைவியார், அந்நூலிலிருந்து சார்த்தரின் முன்னுரையை நீக்கச் செய்தார்.

அரபு அறிஞர்களின் மனக்கசப்பு அவர் அந்நியர் என்பதால் எழுந்ததன்று. அவர் கற்பித்த அளவுகோலாலேயே அவரை அளந்ததால் எழுந்தது. ஆசிரியர் தவறியதால் இல்திஸாம் பொய்யாகிவிடவில்லை.

எனினும், சுதந்திரன் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற வினா எஞ்சுகிறது. வானங்களும் மலைகளும் ஏற்க அஞ்சிய அமானிதத்தை மனிதன் சுமந்தான் என்று திருமறை உணர்த்துவதில் நமக்கு விடை இருக்கிறது. நம் சுதந்திரம் கணக்குக் கேட்கப்படும் சுதந்திரம். மனிதன் தன் செயலை ஈட்டிக்கொள்கிறான் என்ற அஷ்அரீ இமாமின் ‘கஸ்பு’க் கோட்பாடும், இறைநாட்டத்தை மறுக்காமலே மனிதனின் பொறுப்பைக் காத்தது.

ஆனால் விடை கையிலிருப்பது மட்டும் போதாது. நம் சோம்பலையும் அச்சத்தையும் ‘எல்லாம் தக்தீர்’ என்று சொல்லி மூடுவோமாயின், சார்த்தர் கண்டித்த அதே சாக்கைத்தான் நாமும் சொல்கிறோம். அவருடையதைவிடப் புனிதமான ஆடை போர்த்திச் சொல்கிறோம், அவ்வளவே.