குறு, சிறு தொழில் வசதியாக்க மன்றம்

குறு, சிறு தொழில் வசதியாக்க மன்றம் என்பது, சரக்கு வாங்கியோர் சிறுதொழில் நிறுவனங்களுக்குத் தரவேண்டிய நிலுவைத் தொகையை மீட்க உதவும் மாநில அரசு அமைப்பாகும். இது இந்திய அரசின் 2006 ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி அமைக்கப்படுகின்றது. தமிழ்நாட்டில் சென்னை, திருச்சிராப்பள்ளி, மதுரை, கோயம்புத்தூர் ஆகிய இடங்களில் உள்ளது. பெரியநாயக்கன்பாளையம் வட்டாரப் பட்டறைகள் கோயம்புத்தூர் மன்றத்தை அணுகலாம்.

ஒப்பந்தம் எதுவாயினும், சரக்கை ஏற்ற 45 நாட்களுக்குள் பணம் தரப்படவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேரும். மன்றம் முதலில் சமரசம் பேசும். இயலாவிடில் நடுவர் தீர்ப்பு வழங்கப்படும். தீர்ப்பை எதிர்த்து வழக்கிடும் வாங்குநர் 75 விழுக்காட்டுத் தொகையை முன்னரே செலுத்தவேண்டும்.

தனியார் வசூல் முகவருக்குக் கட்டாயப்படுத்தும் சட்ட அதிகாரம் இல்லை. நடுவர் தீர்ப்பையோ நீதிமன்றம் வழியே நிறைவேற்றலாம்.